படகு ஏறாத ஞானப்பிரகாசம்

ஞானப்பிரகாசம் தண்ணீருக்குப் பயந்தவர் என்று ஜெர்மனியில் ஒரு பள்ளிக்கூடமே இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறது. மனிதர் வடமராட்சியில் மணற்காடு என்ற கடற்கரைக் கிராமத்தில் பிறந்து, பத்து வயதிலேயே தகப்பனோடு கடலுக்குப் போனவர். ஊரில் யாரிடமாவது இதைச் சொன்னால் வயிறு நோகச் சிரிப்பார்கள். அந்தப் பொய்யை அவரே தன் வாயால் சொன்னது 2007 ஜூன் மாதம், எல்பே ஆற்றங்கரையில்.

அப்போது அவருக்கு ஜெர்மனியில் பதினொரு வருடம். கையில் இருந்ததோ 'டுல்டுங்' என்ற ஒரு மடித்த கடதாசி மட்டும். இருக்க உரிமை இல்லை, இப்போதைக்குத் திருப்பி அனுப்பவும் இல்லை என்பது அதன் பொருள். அதை வைத்திருப்பவர் அனுமதி இல்லாமல் தன் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. நான்கு வருடத்துக்கு முன் தூரத்தில் இருக்கும் கெவலார் என்ற ஊரின் மாதா திருவிழாவுக்குப் போகிற வழியில் அவரை ரயிலில் இருந்து இறக்கிவிட்டார்கள். இன்னொரு தடவை பிடிபட்டால் குற்றமாகப் பதிவோம் என்று கடிதமும் வந்தது. இப்போது புதுச் சட்டத்தின்படி நிரந்தரமாக இருப்பதற்கு 'அன்ட்றாக்' என்ற விண்ணப்பம் கொடுத்திருந்தார். முடிவு இரண்டு மாதத்தில். பெயரில் ஒரு குற்றம் விழுந்தால் குடும்பத்தோடு கொழும்புக்கு விமானம் ஏற வேண்டியதுதான். அதனால் உருளைக்கிழங்கு பொதி செய்யும் வேலைத்தலம், வீடு, கடை என்று மூன்று இடத்துக்குள் தன்னைக் கட்டிப்போட்டிருந்தார்.

வீட்டுக்கு வருகிற ஜெர்மன் கடிதங்களை வாசித்துச் சொல்வது நாலாம் வகுப்புப் படிக்கும் மகள் தேனுஜா. அந்த டுல்டுங்கை மட்டும் அவளிடம் காட்டியதில்லை. அது பொலித்தீன் உறைக்குள் எப்போதும் அவருடைய சட்டைப்பையில் இருக்கும். பள்ளிச் சுற்றுலாக் கடிதத்தையும் அவள்தான் வாசித்தாள்.

"அப்பா, ஆத்தங்கரையில பெரிய மணல்மேடு, பழைய காவல் கோபுரம், பறவையள் எல்லாம் காட்டுவினமாம். நாலு பிள்ளையளுக்கு ஒரு பெரியாள் கூட வரவேணுமாம். நீங்கள் ஒருநாளும் வரேல்லை."

"எங்கட மாவட்டத்துக்கையோ பிள்ளை?"

"ஓம் அப்பா, இஞ்சாலதான்."

அவர் வரைபடத்தை விரித்து விரல் வைத்துப் பார்த்தார். மணல்மேடு இந்தக் கரையில்தான் இருந்தது. "எல்லாத்துக்கும் பயந்து சாகாமல் பிள்ளையோட போட்டு வாங்கோ" என்று மனைவி ரஞ்சினி அடுப்படியில் இருந்து சத்தம் போட்டாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

காலையில் நல்ல வெயில். ஆற்றோரத்தில் குட்டிப் பாலைவனம்போல மணல் குவிந்து கிடந்தது. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு உருண்டார்கள். மணற்காட்டு மனிதருக்கு அது பெரிய அதிசயம் இல்லைதான், ஆனாலும் தனக்கு ஒப்படைத்த நாலு பிள்ளைகளோடு அவரும் ஒருமுறை சறுக்கினார். பல வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு காவல் கோபுரம். நாடு இரண்டாக இருந்தபோது இந்தக் கரைக்காரர் அக்கரைக்குப் போகக் கூடாது, போனால் சுடுவார்கள் என்று ஆசிரியை பெயங்கே விளக்கினார். "ஆற்றைக் கடந்ததற்கா?" என்று ஒரு சிறுமி நம்பாமல் கேட்டாள். அது முடிந்த கதை என்று ஆசிரியை அவளுடைய தலையைத் தடவினார். ஞானப்பிரகாசத்தின் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தது.

அணையைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டி, ஆற்றுவெள்ளம் பழையபடி பரவட்டும் என்று விட்டிருந்த சதுப்பு நிலத்தின் ஊடாக நடந்தார்கள். பலகைப் பாதை முடிந்த இடத்தில், கார்களையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் ஒரு பாதைப்படகு நின்றது.

"இனி அக்கரைக் கோட்டை! ஏறுங்கள், ஏறுங்கள்!" என்றார் ஆசிரியை.

அக்கரை வேறு மாநிலம். போதாக்குறைக்குப் படகில் முதலாவதாக ஒரு பொலிஸ் கார் ஏறி நின்றது. ஞானப்பிரகாசம் மகளின் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாக இழுத்தார்.

"கடிதத்தில இது இருந்ததோ?"

தேனுஜா தலையைக் குனிந்தாள். "இருந்தது. அந்த வரியை நான் வாசிக்கேல்லை. வாசிச்சா நீங்கள் வந்திருக்கமாட்டியள்."

அறைய வேண்டும் போல ஆத்திரம் வந்தது. அடுத்த நொடி அழுகை வந்தது. இரண்டையும் விழுங்கினார். அவளுக்கு இன்னும் ஒன்று தெரியாதே என்பதுதான் அவரைப் போட்டு வதைத்தது. அதே கடதாசியில் அவருடைய பெயருக்குக் கீழே தேனுஜாவின் பெயரும் இருந்தது. இந்த நாட்டிலேயே பிறந்த பிள்ளைக்கும் அதே எல்லைதான்.

"ஹெர் ஞானா, உங்களுக்காகத்தான் நிற்கிறோம்!" ஆசிரியை கையசைத்தார். பொலிஸ்காரர் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார்.

"எனக்குத் தண்ணீர் என்றால் பயம்" என்றார் ஞானப்பிரகாசம், தனக்குத் தெரிந்த ஜெர்மனில். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். கூட வந்த ஒரு தாய் அவர் பொறுப்பில் இருந்த பிள்ளைகளையும் தன்னோடு சேர்த்துக்கொண்டார். மகளையும் மறிப்போமா என்று ஞானப்பிரகாசம் வாயெடுப்பதற்குள் அவள் ஓடி ஏறிவிட்டாள்.

படகு நகர்ந்தது. நடு ஆற்றில் பொலிஸ்காரர் காரைவிட்டு இறங்கித் தேனுஜாவின் பக்கத்தில் போய் நின்றதை அவர் பார்த்தார். பொலிஸ்காரர் ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். அவ்வளவுதான் தெரிந்தது. மூன்று மணித்தியாலம் மனிதர் அந்தக் கரையை விட்டு அசையவில்லை, சாப்பிடக் கொண்டுபோன பாணையும் தொடவில்லை. மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வேறு செபம் வாயில் வரவில்லை.

படகு திரும்பியபோது தேனுஜாதான் முதலில் இறங்கினாள். அவர் அவளுடைய தோளைப் பிடித்தார்.

"பொலிஸ்காரன் என்ன கேட்டவன்?"

"அப்பா ஏன் வரேல்லை எண்டு கேட்டவர். தண்ணியெண்டாப் பயம் எண்டு சிரிச்சுக்கொண்டு சொன்னனான்." அவள் அவருடைய சட்டைப்பையைக் காட்டினாள். "அப்பா, அந்தக் கடதாசியில என்ர பேரும் இருக்கெண்டு எனக்குத் தெரியும். நீங்கள் குளிக்கேக்க எடுத்து வாசிச்சனான்."

"தெரிஞ்சுகொண்டோ ஏறினனீ?"

"ரெண்டு பேரும் ஏறாட்டி ஏனெண்டு கேட்டிருப்பினம் தானே. அதுதான் ஓடிப்போய் ஏறினனான்."

ஞானப்பிரகாசம் அந்த மணலிலேயே குந்தியிருந்து, மற்றப் பிள்ளைகள் பார்க்கப் பார்க்க அழுதார். ஆற்றைப் பார்த்துப் பயந்துபோனார் என்று நினைத்து ஆசிரியை தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

அன்ட்றாக் ஓகஸ்டில் சரிவந்தது. அந்தக் கடிதம் வந்த அன்று தேனுஜா வழக்கம்போலக் கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் தானே வாசித்து முடிக்க அவருக்கு அன்று பின்னேரம் முழுவதும் பிடித்தது.