அக்கா தங்குவதற்காக ஒரு சீலிங்

பலாங்கொடை பஜாரில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறேன். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு, ரிசல்ட் வரும்வரை என்று போனவள்தான். ரிசல்ட் வந்தது, நான் கடையை விட்டு வரவில்லை. டைல்ஸ், பெயின்ட், சீலிங் மூன்றும் என் பக்கம். புது வீடு கட்டுகிறவர்கள் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து, ஒரு டைலை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள். நான் நடுவில் நின்று, பாதி சிங்களத்தில் பாதி தமிழில், இரண்டு பேருக்கும் பரிந்து பேசுவேன். மழை அடிக்கிற பக்கத்துச் சுவருக்கு எந்தப் பெயின்ட், பிள்ளைகள் ஓடுகிற வீட்டுக்கு எந்த டைல், சமையலறைக்கு ஏன் வெள்ளைச் சீலிங் வேண்டாம், எல்லாம் மூச்சு விடாமல் சொல்வேன். வீடு கட்டுகிற வீடியோ ஒன்று போனில் கண்ணில் பட்டால் முழுதும் பார்க்காமல் விடமாட்டேன். ஒருநாள் முதலாளி கல்லாவிலிருந்து கேட்டார்:

"ஏம்மா, நீ இது வரைக்கும் எத்தன வீடு கட்டியிருக்க?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நான் இருப்பது பஜாரிலிருந்து பஸ் ஏறி, தேயிலைக்குள் வளைந்து வளைந்து மேலே போய் இறங்குகிற தோட்டத்தில், லயத்தில், ஒரு காம்பராவில். நீளமான ஒரே தகரக் கூரை. அதன் கீழே வரிசையாகக் காம்பராக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். நடுவில் சுவர் இருக்கிறது. ஆனால் அது கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும். அதற்கு மேலே தகரம் வரைக்கும் இருக்கிற இருட்டு எல்லோருக்கும் பொது. ஒரு வீட்டு அடுப்புப் புகை எல்லா வீட்டுக்கும் மேலால் போகும். ஒரு வீட்டுப் பேச்சும் அப்படித்தான். அடுத்த காம்பராவில் பல்பை அணைத்தால் எங்கள் கூரையும் பாதி இருண்டுவிடும்.

அந்த அடுத்த காம்பராவில் இருப்பது அத்தையும் மாமாவும். சொந்தம் ஒன்றும் இல்லை, அடுத்த சுவர்தான் சொந்தம். அம்மாவுக்கு அத்தை மதினி. அப்பா நான் ஓ.எல். படிக்கும்போதே இறந்துபோய்விட்டார். அதற்கு முன்னாலும் சரி பின்னாலும் சரி, அம்மாவின் நாள் முடிவது அந்தச் சுவருக்கு மேலால்தான்.

"மதினி, தூங்கிட்டீங்களா?"

"தூங்கியிருந்தா பதில் சொல்லுவேனா? சொல்லுங்க."

நானும் அக்காவும் பாயில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்போம். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது அவள்தான். நான் ஏழெட்டில் தடுக்கினால் அக்கா வாய் திறப்பதற்கு முன்னால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமாவின் குரல் வரும்: "அம்பத்தாறுடி! தெனமும் இதே எடத்துல வந்து விழுறியே, கண்ணு தெரியலையா?" அக்காவுக்குச் சிரிப்பு தாங்காது. தலையணையைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கும் அந்தப் பக்கத்திலிருந்து அத்தை ஒரு திட்டு திட்டுவாள்.

கல்யாணம் ஆகி அக்கா இரத்தினபுரிக்குப் போனாள். மாப்பிள்ளை வீட்டுக்குப் பஜாரில் துணிக்கடை. கடைக்கு மேல் மாடியில் வீடு. நான் போனபோதெல்லாம் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, தட்டோடு தந்த கோப்பையில் டீ குடித்துவிட்டு, கொட்டிவிடுவேனோ என்கிற பயத்தில் மேலேயே பார்த்துக்கொண்டிருப்பேன். மேலே கிரீம் நிறத்தில், கோடு கோடாக, அழுக்கே இல்லாத சீலிங். எனக்குச் சீலிங் மேல் ஆசை பிடித்தது அங்கேதான்.

கல்யாணமாகிப் போன பிறகு அக்கா ஒரு ராத்திரிகூட எங்களோடு தங்கியதில்லை. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வருவாள். காலையில் வந்து, மத்தியானம் சாப்பிட்டு, கடைசி பஸ்ஸில் போய்விடுவாள். தேர் கிளம்புவது பொழுது சாய்ந்த பிறகு. அக்கா இல்லாமலே அது லயத்தைச் சுற்றி வரும். ஒவ்வொரு வருஷமும் அம்மா முதல் நாளே பெரிய பாயை எடுத்து வெயிலில் போடுவாள். மறுநாள் சாயந்திரம் அதைச் சுருட்டி வைப்பாள். போனில் பேசினால் அக்காவைச் சுற்றி எப்போதும் யாராவது இருப்பார்கள். சாப்பிட்டீங்களா, மழையா, நல்லா இருக்கோம். அவ்வளவுதான்.

ஏன் தங்குவதில்லை என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அவளுடைய மகன் கைக்குழந்தையாக இருந்த வருஷம், பால் போத்தலுக்குப் பக்கத்தில் கூரையிலிருந்து ஒரு கரித்துண்டு பொத்தென்று விழுந்தது. எத்தனையோ வருஷத்துப் புகை தகரத்தில் படிந்த கரி. அக்கா சேலைத் தலைப்பால் பிள்ளையின் முகத்தை மூடினாள். அதைப் பார்த்தவுடன் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். அந்தச் சீலிங்குக்குக் கீழே தூங்கிப் பழகினவள், இந்தக் கரிக்குக் கீழே பிள்ளையை எப்படிப் படுக்க வைப்பாள்? சீலிங் போட்டால் அக்கா தங்குவாள். இவ்வளவு சின்ன விஷயம். சீலிங் விற்கிறவள் வீட்டில் சீலிங் இல்லாமல் இருப்பதா?

ஏதோ பெரிய வீட்டு வேலையில் மிஞ்சிய பிளாஸ்டிக் பலகைகள் கடைக்குப் பின்னால் கிடந்தன. எடுத்துக்கொள் என்றார் முதலாளி. அதே கிரீம் நிறம். ஒன்றின் ஓரத்துக்குள் மற்றது செருகிக்கொள்ளும். டவுனுக்கு வந்த தோட்டத்து லொறியில் ஏற்றி அனுப்பினேன். லயம் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் ஆபிசில் கேட்டுவிட்டுத்தான் ஒரு ஆணி அடிக்கலாம். கிளாக்கர் ஐயா கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"லயத்துக்கு சீலிங்கா? அடுத்தது லிஃப்ட் கேட்டு வருவியா?"

"இப்போதைக்கு சீலிங் போதுங்க ஐயா."

"போட்டுக்க போ. ஆணி அடிக்கிறேன்னு கூரையக் கீழ எறக்கிராத."

பலகைகள் வந்து இறங்கியதும் அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"என்னாடி இது? எங்க வாய்க்கு மூடி போடப் போறியா?"

"வாய்க்கு இல்லைங்க அத்தை. கரிக்கு."

"கரி எங்கடி பேசுது? நாந்தானே பேசுறேன்."

அம்மா அத்தையைப் போலக் கேட்கவில்லை. அரிசி களைந்துகொண்டே, ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்தது போல, "அந்தச் செவுத்துப் பக்கம் மட்டும் ஒரு சாண் விடச் சொல்லேன்" என்றாள்.

"எதுக்கும்மா?"

"காத்து வரும்ல."

"காத்து வந்தா கரியும் வரும்மா. எடம் விட்டுப் போட்டா அதுக்குப் பேரு சீலிங்கே இல்ல."

"ஒனக்குத் தெரியாததா" என்று உலையைப் பார்க்கப் போய்விட்டாள். கடையில் எத்தனை பேருக்கு நான் மணிக்கணக்காக விளங்கப்படுத்தியிருப்பேன், அம்மா இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

வேலைக்கு வந்த தச்சர் பக்கத்துக் கிராமத்துச் சிங்கள பாஸ். மட்டப்பலகையைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டு, "நங்கி, மே பித்திய கெலின் நே" என்று தலையை ஆட்டினார். சுவர் நேராக இல்லையாம். அந்தச் சுவர் மட்டுமா, எதுவுமே நேராக இல்லை. நான் காகிதத்தில் அழகாக நீள்சதுரம் வரைந்து அளவு போட்டு வைத்திருந்தேன். காம்பராவோ ஒரு பக்கம் ஒடுங்கி மறுபக்கம் விரிந்து கிடந்தது. பிறந்ததிலிருந்து அதற்குள் இருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியாக அளவெடுத்துச் சட்டை தைக்கிற மாதிரி இருக்கிறது என்று பாஸ் சிரித்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு அவருக்கே யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசிப் பலகை செருகி முடிந்தபோது காம்பரா சின்னதாகவும் சுத்தமாகவும் ஆகியிருந்தது. பல்பு வெளிச்சம் மேலே ஓடிப் போகாமல் எங்கள் மேலேயே விழுந்தது. நான் பாயில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். இரத்தினபுரி மாடி வீடேதான்.

அடுத்த நாள் மழை. முன்பெல்லாம் தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் இருக்கிறவர்களிடமே கத்த வேண்டும். இப்போது எங்கேயோ தூரத்தில் பெய்கிற மாதிரி இருந்தது. அம்மா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, பழக்கத்தில் முகத்தை உயர்த்தி, "மதினி, இன்னிக்கு மலையில..." என்று ஆரம்பித்து, சீலிங்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துச் சுவரைத் தட்டினாள். அத்தை ஏதோ கத்தினாள், போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டது. அதற்குப் பிறகு, மழை இல்லாத நாட்களில் இரண்டு பேரும் வெளியே வந்து வாசலில் நின்று பேசினார்கள். மழை நாட்களில் அம்மா சீக்கிரம் படுத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அக்கா வரட்டும், எல்லாம் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திருவிழா அன்று காலையில் அக்கா வந்தாள், மகனைக் கையில் பிடித்துக்கொண்டு. உள்ளே வந்ததும் மேலே பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தபடியே நின்றாள்.

"எங்க வீட்டுல இருக்கிற மாதிரியே இருக்குடி."

"அதேதான்க்கா! அதே கலரு. கரி விழாது, பல்லி விழாது, ஈரத்துணியால தொடச்சா போதும்..." நான் கடையில் பேசுகிற மாதிரியே பேசிக்கொண்டு போனேன்.

மகன் பாயில் மல்லாந்து விழுந்து, மேலே கையைக் காட்டி, "நம்ம வீடு!" என்றான். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள்.

சாப்பாட்டுக்கு அத்தையும் வந்துவிட்டாள். அக்காவின் குரல் சாப்பிடச் சாப்பிட உயர்ந்துகொண்டே போனது. இரத்தினபுரியில் நான் கேட்காத குரல், பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நின்று சண்டை போட்ட பழைய குரல். மாமா வெளியிலிருந்து, "வந்துட்டாளா ஸ்பீக்கரு?" என்றார். இன்றைக்கு நிச்சயம் தங்குவாள் என்று நினைத்தேன். பிறகு அக்கா போனில் நேரத்தைப் பார்த்தாள். எழுந்து மகனுக்குத் தலை சீவினாள்.

அம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "தேரு இந்தத் தடவ வெள்ளனக் கெளம்புதாம்."

"அடுத்த வருஷம் பாப்போம்மா."

பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரைக்கும் நான்தான் போனேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"இன்னும் என்னாக்கா கொறை? சொல்லு, செஞ்சிர்றேன். டைல்ஸ் போடணுமா? பாத்ரூமுக்குக் கதவு மாத்தணுமா? சொன்னாத்தானே தெரியும்?"

"கொறையா? யாருடி கொறைன்னு சொன்னா?"

"அன்னிக்குப் பால் போத்தல் பக்கத்துல கரி விழுந்துச்சே. அதுக்குத்தானே நீ..."

அக்கா நின்றுவிட்டாள். "கரி எனக்குப் புதுசாடி? நான் கரி தின்னுதானே வளந்தேன்." மகன் முன்னால் ஓடினான். அவனைப் பார்த்தபடி சொன்னாள்: "அங்க எல்லாரும் நல்லவங்கதான். மெதுவாப் பேசுவாங்க, கதவச் சாத்திக்கிட்டுத் தூங்குவாங்க. நான் முழிச்சிருக்கேனா தூங்கிட்டேனான்னு செவுத்துக்கு அந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது. மொத வருஷம் பூரா எனக்குத் தூக்கமே இல்ல. இப்பத்தான் பழகியிருக்கேன். இங்க ஒரு ராத்திரி படுத்தேன்னு வையி, காலையில பஸ்ல ஏற எனக்குக் கால் வராது. திரும்ப மொதல்லருந்து பழகணும். அதுக்கு என்னால ஏலாதுடி."

நான் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"சீலிங் நல்லாத்தான் இருக்கு. கழட்டிராத. அம்மா சோத்துல கரி விழாதுல்ல."

பஸ் வந்தது. மகனை ஏற்றிவிட்டு, படியில் ஒரு கால் வைத்தபடி, திரும்பாமலே சொன்னாள்: "நீ ஒருநாள் அங்க வந்து தங்கேன்டி."

திரும்பி மேலே ஏறும்போது அதுதான் தலைக்குள் ஓடியது. இத்தனை வருஷமாக வா, தங்கு என்று அவளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருத்தி அங்கே போய் ஒரு ராத்திரி அவளுக்குப் பக்கத்தில் படுக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கோயில் பக்கம் மேளம் கேட்கத் தொடங்கியிருந்தது. அக்கா சொன்னதெல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூப்பிட்டாள் என்று மட்டும் சொன்னேன். இரண்டு பேரும் போவோம் என்றேன்.

"பொண்ணு குடுத்த வீட்டுல போயி ராத்தங்குறதா? அவுங்க என்னா நெனைப்பாங்க?"

தேங்காயும் வெற்றிலையும் தட்டில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். "நீ போ. நீ தங்கச்சி. நீ போகலாம்."

சனிக்கிழமைக்கு லீவு எடுத்தேன். போனில் அக்காவிடம் வருவதாகச் சொன்னேன், அம்மா வரவில்லை என்பதைச் சொல்லவில்லை. நான் கிளம்புவது தெரிந்து அத்தை எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். அக்காவிடம் சொல்ல வேண்டிய கதைகளை அடுக்கினாள். கடைசிக் காம்பராவில் ஆடு மூன்று குட்டி போட்டது, பீலியில் யார் யாருக்குச் சண்டை, எம்பிலிப்பிட்டியவுக்கு வேலைக்குப் போன பையன் கூட்டிக்கொண்டு வந்த பொண்ணு, மாமா பல் பிடுங்கப் போய் பிடுங்காமலே திரும்பி வந்தது.

"எல்லாத்தையும் படுத்த பொறகு சொல்லணும். கதிரையில ஒக்காந்து சொல்லிராத. ஒக்காந்து சொன்னா அது கோள் மூட்டுற மாதிரி இருக்கும்."

உள்ளேயிருந்து அம்மா, "மாடு வித்தத விட்டுட்டீங்க மதினி" என்றாள்.

பலாங்கொடையிலிருந்து இரத்தினபுரி வரைக்கும் பஸ்ஸில் அந்தக் கதைகளை முன்னும் பின்னும் மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன், ஒன்றும் மறந்துவிடக் கூடாது என்று. அக்கா பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருந்தாள். நான் இறங்கியதும் சிரித்தாள். ஆனால் பையை வாங்கவில்லை. எனக்குப் பின்னால் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசி ஆள் இறங்கும்வரை அக்கா பஸ் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.