காம்பில்லாத குலை: கம்பம் பக்கம் ஒரு சனிக்கிழமை

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சாவி மாட்டும் மரப்பலகை ஒன்றைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு மதுரையிலிருந்து காமயகவுண்டன்பட்டிக்குப் போய்வந்தேன். கம்பத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய ஊர் அது; உள்ளூரில் கே.கே.பட்டி என்றால்தான் தெரியும். திராட்சைத் தோட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தப் பதிவு பயன்படலாம். நான் போன காரணம் வேறு.

என்னிடம் ஒரு ஸ்க்ரோல் சா இருக்கிறது. தையல் மெஷினில் ஊசி இருக்கும் இடத்தில் நூல் போன்ற ஒரு ரம்பம் மேலும் கீழும் ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பலகையை அதன் முன்னால் திருப்பித் திருப்பிக் கொடுத்தால் இலை, பறவை, எழுத்து என எதையும் வெட்டியெடுக்கலாம். அலுவலகம் விட்டு வந்தபின் பால்கனியில் இரண்டு வருடமாக இதைச் செய்கிறேன், விற்கவும் செய்கிறேன். ஆனால் வாங்கியவர்கள் எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள். அவர்களுக்குப் பிடித்தது பொருளா, அல்லது என் மனம் நோகக்கூடாது என்பதா என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். இந்தச் சமயத்தில் ஒருவர் மெஷினை விலைக்குக் கேட்டார். அடுத்த வாரம் திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன். அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் வசந்தி அழைத்தார். பெயரை மாற்றியிருக்கிறேன்.

முன்பின் தெரியாதவர். இணையத்தில் நான் போட்டிருந்த படத்தைப் பார்த்திருக்கிறார். கே.கே.பட்டியில் புது வீடு கட்டியிருக்கிறார்கள், புதுமனை புகுவிழாவுக்கு வருபவர்களுக்குக் கொடுக்கத் திராட்சைக் குலை வடிவத்தில் எண்பது சாவிப்பலகைகள் வேண்டும். “போட்டோவுல எல்லாமே அழகாத்தான் இருக்கும். ஒண்ணு செஞ்சு நேர்ல கொண்டாங்க, பாத்துட்டுச் சொல்றேன்” என்றார். இது அமைந்தால் மெஷின் என்னோடு இருக்கும், இல்லையென்றால் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

காலை 5.40க்கு ஆரப்பாளையத்தில் கம்பம் பஸ். டிக்கெட் 95 ரூபாய். ஆண்டிபட்டிக் கணவாயில் விடிந்தது. தேனிக்கு 7.30, அங்கே பத்து நிமிடம் நிற்கும். தேனியிலிருந்து கம்பம் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். இந்தப் பகுதியில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் மலை தெரியும்: வலப்பக்கம் கேரளத்து மலை, இடப்பக்கம் மேகமலை. சின்னமனூர் தாண்டியதும் வயலும் தென்னையும் வாழையும் மாறி மாறி வரும். கையில் புத்தகம் இருந்தது. தேனிக்குப் பிறகு ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

கம்பத்தில் இறங்கும்போது மணி 8.50. நான்கு இட்லி, ஒரு காபி, 55 ரூபாய். எஸ்டேட்டுகளுக்குப் போகும் ஜீப்புகள் நிற்கும் இடத்தைக் கடந்தபோது ஒரு டிரைவர் மறித்தார்.

“ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி, ஏறுங்க.”

எட்டிப் பார்த்தேன். “உள்ள ரெண்டு பேருதானே இருக்காங்க?”

“நீங்க ஏறுனா மூணாயிரும்ல?”

கே.கே.பட்டிக்கு என்றதும் சலித்துக்கொண்டார். “டவுன் பஸ்ஸு அங்கன நிக்கும். பொம்பளையாளுகளுக்கு டிக்கெட்டே கெடையாது. எங்க பொழப்பக் கெடுக்கன்னே விட்டிருக்காக.” ஆனாலும் பஸ் நிற்கும் இடம் வரை கூடவே வந்து காட்டிவிட்டுத்தான் போனார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி இருபது நிமிடம் நடந்தேன். வசந்தியின் தோட்டம் இரண்டு ஏக்கர். கல்தூண்கள் நட்டு, கம்பி வலை இழுத்து, அதன் மேல் கொடி படர்ந்திருக்கிறது. உள்ளே குனிந்துதான் போகவேண்டும். தலைக்கு மேலே இலை, முகத்துக்கு நேரே கறுப்புக் குலைகள். பன்னீர் திராட்சை. தோட்டத்து ஓரத்துத் தகரக் கொட்டகையில் நான்கு பெண்கள் குலைகளைச் சுத்தம் செய்து ட்ரேயில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வசந்திக்கு நாற்பது வயதிருக்கும். தலையில் துண்டு, கையில் நோட்டு. மோர் கொடுத்துவிட்டு, “எடுங்க பாப்பம்” என்றார்.

துணியை விரித்தேன். பலா மரத்தில் செய்தது. அகலமாக இரண்டு இலைகள், அவற்றின் நடுவில் குலை, அடியில் நான்கு கொக்கிகள். சுவரில் மாட்ட இலைகளில் இரண்டு துளைகள். மூன்று நாள் வேலை. நான் செய்ததிலேயே இதுதான் சிறந்தது என்று நினைத்திருந்தேன்.

வசந்தி திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வேலை சுத்தமா இருக்கு” என்றார். மறுபடியும் திருப்பினார். குலை சுத்தம் செய்துகொண்டிருந்த முருகேஸ்வரி எட்டிப் பார்த்தாள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள்.

“ஏ ஆத்தா, காம்பெங்க?”

“எந்தக் காம்பு?”

“கொலைக்குக் காம்பு வேணாமா? இது என்ன இலையில ஒட்டிக்கிட்டுத் தொங்குது?”

மற்ற மூவரும் சிரித்தார்கள். வசந்தி சிரிக்கவில்லை. “அதான் எனக்கும் என்னமோ இடிச்சுச்சு” என்றார். “தப்பா நெனைக்காதீக. எங்க வீட்டுக்கு வாரவுக எல்லாருமே தோட்டக்காரவுக. காம்பில்லாத கொலையக் கொடுத்தா, புது வீட்டுக்குக் கூப்பிட்டு உதிரிப்பழம் கொடுத்தா பாருன்னு சொல்லிக்காட்டுவாக.”

“உதிரிப்பழம்னா?” என்றேன். முருகேஸ்வரி ஒரு குலையை எடுத்துக் காட்டினாள். இரண்டு விரலால் காம்பை மட்டும் பிடித்திருந்தாள். பழத்தின் மேல் சாம்பல் பூத்ததுபோல் மெல்லிய வெண்படலம் இருக்கிறது. அதை மாவு என்கிறார்கள். விரல் பட்டால் போய்விடும். “யாவாரி வந்தாகன்னா மொதல்ல மாவைத்தான் பாப்பாக. வெட்டுறதுலருந்து ட்ரேயில வைக்கிற வரைக்கும் காம்பைத் தவிர எங்கனயும் கை படக்கூடாது.” குலையைத் தலைகீழாக்கி, ஒல்லியான கத்தரியைப் பழங்களுக்கு நடுவே நுழைத்து, அழுகிய ஒன்றை மட்டும் நறுக்கி எடுத்தாள். பிறகு காம்பைப் பிடித்து மூன்று முறை குலுக்கினாள். இரண்டு பழங்கள் கீழே விழுந்தன. “விழுந்தது உதிரி. அது எங்களுக்கு. விழாதது யாவாரிக்கு.”

காம்பை நான் மறந்து விட்டுவிடவில்லை, வேண்டுமென்றே விட்டேன். மரத்துக்கு நார் ஓடும் திசை ஒன்று உண்டு. என் பலகையில் நார் இடமிருந்து வலமாக ஓடியது. அதற்குக் குறுக்கே மெல்லியதாக ஒரு காம்பை வெட்டினால் முறிந்துவிடும். ஆகவே காம்பில்லாமலே வரைந்துவிட்டேன். அப்படி வரையும்போது ஒரு கெட்டிக்காரத்தனமாகத்தான் தோன்றியது.

கையால் இழுக்கும் சிறிய ரம்பமும், துளையிடும் கருவியும், இரண்டு துண்டுப் பலாப் பலகையும் கொண்டுபோயிருந்தேன். “இங்கேயே ஒன்று வெட்டிக் காட்டட்டுமா?” என்று கேட்டேன். வசந்தி எடை போடும் மேசையைக் காலி செய்து கொடுத்தார்.

அவசரத்தில் நாரை மறந்து, பழைய படத்தையே வைத்து, மேலே நீளமாக ஒரு காம்பைச் சேர்த்து வரைந்தேன். முக்கால் மணி நேரம் வெட்டினேன். பொடியை ஊதிவிட்டு, பெருமையோடு காம்பைப் பிடித்துத் தூக்கினேன். காம்பு என் கையில் வந்தது. குலை மேசையில் கிடந்தது.

“அம்புட்டுத்தானா?” என்றாள் முருகேஸ்வரி. “எங்க வீட்டுக்காரரு வாக்கு மாதிரில்ல இருக்கு!”

கொட்டகையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கொஞ்சம் எரிந்தது. மணி பன்னிரண்டு. திங்கட்கிழமை சொல்லவேண்டிய பதிலை மனத்துக்குள் எழுதிப் பார்த்துவிட்டேன். வசந்தி, “சாப்பிட்டுப் பாக்கலாம், எந்திரிங்க” என்றார். சோறும் கத்திரிக்காய்க் குழம்பும்.

சாப்பிட்டபின் தோட்டத்துக்குள் மறுபடி குனிந்து போய் ஒரு குலையின் கீழே நின்றேன். இணையத்தில் கிடைத்த மாதிரியைப் பார்த்து வரைந்தவள் நான். அதில் குலை இலைகளுக்கு நடுவே பதக்கம் போல இருந்தது. இங்கே இலை மேலே கூரையாக இருக்கிறது, காம்பு நேராகக் கீழே இறங்குகிறது, முழுக் கனமும் அதில்தான். அப்படியானால் நாரும் மேலிருந்து கீழாகத்தான் ஓடவேண்டும்.

இரண்டாவது துண்டைச் செங்குத்தாகத் திருப்பி வைத்தேன். இரண்டு இலையை ஒன்றாக்கினேன். அதன் கூரிய நுனிகள் இப்போது நாருக்குக் குறுக்கே வந்து முறியும் என்பதால் மழுக்கினேன். காம்பின் உச்சியில் ஆணிக்கு ஒரே ஒரு துளை. பழங்களுக்கு இடையே ஏழு இடைவெளிகள்: ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு துளை போட்டு, அதனுள் ரம்பத்தைக் கோத்து, வேண்டாததை மட்டும் எடுக்கவேண்டும். ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆனது.

முருகேஸ்வரி கையைப் புடவையில் துடைத்துவிட்டு வந்தாள். இரண்டு விரலால் காம்பைப் பிடித்துத் தூக்கினாள். நான் “மெதுவா” என்று சொல்வதற்குள் மூன்று முறை குலுக்கிவிட்டாள். கொஞ்சம் மரப்பொடி விழுந்தது. வேறெதுவும் விழவில்லை.

“ட்ரேயில வைக்கலாம்க்கா” என்றாள் வசந்தியிடம்.

வசந்தி அதை வாங்கி, தூணில் இருந்த ஆணியில் மாட்டி, முந்தானையில் முடிந்திருந்த கொட்டகைச் சாவியை எடுத்து, கொக்கி இன்னும் வைக்காததால் பழங்களுக்கு நடுவே ஒரு இடைவெளியில் கோத்துத் தொங்கவிட்டார். தள்ளி நின்று பார்த்தார். “எம்பதும் இதே மாதிரி. ஆனா பாலிஷ் போட்டுப் பளபளன்னு ஆக்கிறாதீக. பளபளன்னா மாவு போன பழம்.” மூன்று நாள் உழைத்துப் பாலிஷ் போட்ட முதல் பலகையை மெதுவாகத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

உடைந்ததையும் எடுக்கப் போனபோது முருகேஸ்வரி முந்திக்கொண்டாள். “அதை எங்கன கொண்டு போறீக? உதிரி எங்களுக்கு.” தன் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

நாலரைக்குக் கம்பத்தில் பஸ் ஏறினேன், மதுரைக்கு 7.50. போக விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு 280 ரூபாய். தோட்டத்துக்குள் கேட்காமல் நுழையாதீர்கள். மருந்தடித்த நாளில் கேட்டாலும் விடமாட்டார்கள், அது உங்கள் நல்லதுக்கு. வெயிலுக்குமுன் போய்விடுவது நல்லது. உயரமானவர்களுக்கு முதுகு வலிக்கும். வழியில் திராட்சை வாங்கினால் மாவு படிந்த குலையாகப் பாருங்கள், காம்பைப் பிடித்துத் தூக்குங்கள். விற்பவர் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும். என்னைப்போல் மரவேலை செய்பவர்களுக்கு ஒன்று: எதன் வடிவத்தை வெட்டப்போகிறீர்களோ அதைத் தினமும் கையாள்பவர்களிடம் ஒருமுறையாவது காட்டிவிடுங்கள், பாலிஷ் போடும் முன்பு.

திங்கட்கிழமை, மெஷின் கேட்டவருக்குத் தருவதற்கில்லை என்று செய்தி அனுப்பினேன். இப்போது இருபத்தாறு முடிந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் முடித்தவுடன் காம்பைப் பிடித்து மூன்று முறை குலுக்குகிறேன். பதினான்காவது முறிந்தது. அதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், முருகேஸ்வரிக்கு.