நாற்பத்தொன்றாவது கையெழுத்து

என் அக்கா விமானத்தில் ஏறியதே இல்லை. விமானிகளின் சீருடை தைக்கும் கடையில் முப்பது வருஷம் மெஷின் மிதித்தவள். ஒருநாள் தைக்க வந்த அளவுச் சீட்டில் பெண்ணின் அளவு இருந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான், இன்றுவரை இறங்கவில்லை. தபால் பிரிக்கும் ஆபீசில் நானும் அத்தானும் பக்கத்துப் பக்கத்து மேசை. அங்கே அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் கேப்டன்.

முதன்முதலாக விமானம் ஓட்டிய பெண்கள் எந்த ஊரில் இருந்தாலும் கேப்டன் விடமாட்டாள். அவர்கள் படம் ஒன்று, கடிதம் ஒன்று, தன் விலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய உறை ஒன்று, மூன்றையும் சேர்த்து அனுப்புவாள். மலைகளுக்கு மேலே பறந்தவர், தீயணைப்பு விமானம் ஓட்டியவர் என்று நாற்பது பேர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு மகராசி தன் பழைய கையுறையிலேயே போட்டு அனுப்பியிருந்தார். வந்த உறைகளையும் அக்கா தூக்கிப் போடமாட்டாள். படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பாள்.

நாட்டின் முதல் பெண் விமானி மட்டும் பதிலே போடவில்லை. மூன்று கடிதம் கிணற்றில் போட்ட கல். நாலாவது, ‘வீடு மாறிவிட்டார்’ என்ற சீட்டோடு அத்தானின் மேசைக்கே திரும்பி வந்தது. அக்கா அப்போது ஆபரேஷன் முடிந்து படுக்கையில் இருந்தாள். கண் விழித்ததும் “தபால் வந்துச்சா?” என்றுதான் கேட்பாள்.

“எப்படி மச்சான் இதைக் கொண்டுபோய் அவ கையில குடுப்பேன்?” என்றார் அத்தான்.

கொடுக்கவில்லை. படத்தை வெளியே எடுத்து, பாம்பு வால் மாதிரி நெளித்து அவரே ஒரு கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாவின் கையெழுத்தை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை, அதுதான் துணிச்சல். உள்ளே இருந்த உறையில் போட்டு ஒட்டினார். முத்திரை குத்தியது நான். வேறு ஊரிலிருந்து வரவேண்டிய கடிதத்தில் எங்கள் ஆபீஸ் முத்திரையையே குத்தினேன். தினம் ஆயிரக்கணக்கில் முத்திரை பார்க்கிற எங்கள் இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை. பழக்கத்தில் கை குத்திவிட்டது. அக்கா எழுதிய நன்றிக் கடிதமும் திரும்பி வந்தபோது கிழித்துப் போட்டேன். வேலியே பயிரை மேய்ந்த கதை என்பது இதுதான்.

பதினொரு வருஷம் ஓடியது. நூலகத்தில் அக்காவின் சேகரிப்பைக் கண்காட்சியாக வைக்க ஏற்பாடானது. திறந்து வைக்க நூலகர் எங்கிருந்தோ தேடிப் பிடித்து அழைத்தது, அதே அம்மாவை.

சேதி கேட்டதிலிருந்து அத்தானுக்குச் சோறு இறங்கவில்லை. “அந்த ஒரு படம் வேணாமே, சட்டம் உடைஞ்சிருக்கு” என்று சொல்லிப் பார்த்தார். “அது இல்லாம எனக்கு என்னங்க கண்காட்சி?” என்றாள் அக்கா. திறப்புக்கு முதல் நாள் அத்தான், நூலகரிடம் நம்பர் வாங்கி அந்த அம்மாவுக்கே போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினார். அறுபது வயது மனிதர், போனைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. “சரி, நான் எதுவும் சொல்லல” என்றாராம் அந்த அம்மா.

சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் தன் படத்தின் முன் நின்று, “நல்ல படம்மா” என்றார். அத்தானுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அக்கா பூரித்துப்போய் பார்வையாளர் நோட்டை நீட்டினாள். அவரும் யோசிக்காமல் வாங்கி எழுதினார். அந்த நோட்டு எங்கள் யார் புத்தியிலும் இல்லை.

நிமிர்ந்த எழுத்தில் சின்னதாக ஒரு கையெழுத்து. நெளிவு இல்லை, வால் இல்லை.

அக்கா நோட்டைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து உறையின் முத்திரையைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“இது உன் மேசையில இருக்கிற முத்திரைதானே?”

நான் அத்தானைப் பார்த்தேன்.

“கையெழுத்து நீங்க போட்டதா?” என்று அத்தானைக் கேட்டாள். அவர் தலையாட்டினார்.

“அப்ப மத்த நாப்பதும்?”

“சத்தியமா இது ஒண்ணுதான். உன் தலையில அடிச்சு சொல்றேன்.”

“எல்லாமே உங்க கை வழியாத்தானே வந்துச்சு” என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

அந்த அம்மா பேனாவைத் திறந்தார். “குடும்மா, இப்பவே இதுல போட்டுத் தர்றேன்.”

“வேணாம்மா. என் கண்ணு முன்னாடியே நீங்க போட்டாலும் இனிமே எனக்கு இவர் கைதான் தெரியும்.”

முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு படமாகக் கழற்றி, முகம் கீழே பார்க்க மேசைமேல் அடுக்க ஆரம்பித்தாள். நாற்பதும் அவரவர் கையால் போட்டவை. அதைத் தெரிந்து சொல்ல அந்த மண்டபத்தில் இரண்டே பேர் இருந்தோம், அத்தானும் நானும்.