குறி சொன்ன கம்ப்யூட்டர்

தொண்ணூறுகளின் கடைசியில் என் கணவர் அருப்புக்கோட்டையில் வீடியோ கடை வைத்திருந்தார். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு பந்தல்குடி, மல்லாங்கிணறு வரைக்கும் போவார். நான் பெண்கள் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுத்தேன். பள்ளி விட்டதும் கடைக்கு வந்துவிடுவேன்.

எடுத்த கேசட்டுகளை நாங்கள் சேர்த்து வைக்க முடியாது. அடுத்த முகூர்த்தத்துக்கு அதையே அழித்து எடுக்க வேண்டும். ஒரு பிரதியைக் கம்ப்யூட்டரில் போட்டு வைக்கலாம் என்றார் அவர். போட்டுப் பார்த்தால் ஒரே கல்யாணத்தில் ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. எப்படிச் சுருக்குவது என்பது என் தலையில் விழுந்தது.

படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் சில எண்களாக எழுதிவைப்பதுதான் வழக்கமான முறை. எண்கள் பெரும்பாலும் சிறியவை, சுருங்கிவிடும். சுருங்காமல் நிற்பது அவற்றின் குறிதான். கூட்டலும் கழித்தலும் சரிபாதி வரும். எது எங்கே வரும் என்று சொல்ல முடியாது. பல நாள் யோசித்தபின் ஒன்று தோன்றியது. ஒரு கட்டத்தைத் திறக்கும்போது அதன் மேல் கட்டமும் இடது கட்டமும் முன்பே திறந்திருக்கும். கூட்டல் போட்டு ஒருமுறை, கழித்தல் போட்டு ஒருமுறை வரைந்து பார்த்தால், எது பக்கத்துக் கட்டங்களின் ஓரத்தோடு ஒட்டிப் போகிறதோ அதுவே சரியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

“அப்ப கம்ப்யூட்டரு குறி சொல்லப் போகுதுங்குற” என்றார் அவர்.

“ஆமா. கூட்டலா கழித்தலான்னு சொல்லப் போகுது.”

“தப்பாச் சொன்னா?”

“தப்புன்னு மட்டும் எழுதி வச்சுருவேன். அனேகமா சரியாத்தான் சொல்லும். அதனால அதை எழுத இடம் ரொம்ப ஆகாது.”

குறியால் மட்டும் மிச்சமான இடம் கொஞ்சம்தான். ஒரு கல்யாணத்தை ஏற்ற மெஷின் பகல் முழுக்க ஓடியது. ஆனாலும் அந்தக் கொஞ்சம் எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. பிறகு புது கம்ப்யூட்டர் வாங்கி, சுருக்கிவைத்த கல்யாணங்களை அதற்கு மாற்றினோம். பழையதைத் திருச்சுழியில் டைப்ரைட்டிங் வகுப்பு நடத்திய ஒரு அம்மாவுக்குக் கொடுத்துவிட்டோம்.

அதற்கு மறு வருஷம் பந்தல்குடியிலிருந்து ஒரு பெண் வந்தாள். சர்ச்சில் நடந்த அவள் கல்யாணத்தை என் கணவர்தான் எடுத்திருந்தார்.

“எங்கப்பாவுக்குச் சுகரு முத்தி ஒரு காலை எடுத்துட்டாகக்கா. என்னையக் கைபிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்தாகள்ல, அதை ஒருக்காப் பாக்கணுங்காக. வீட்டுக் கேசட்டு டெக்குல சிக்கி அந்துபோச்சு.”

எங்களிடம் பிரதி இருந்தது. திறந்தேன். சர்ச் வாசல் தெளிவாக வந்தது. அப்பாவும் மகளும் படியேறும் இடத்தில் ஒரு கட்டம் கறுத்தது. அடுத்து அதன் வலப்பக்கம், பிறகு கீழே. அவருடைய இடுப்புக்குக் கீழே முழுக்கத் திட்டுத் திட்டாகிவிட்டது. அவர் பார்க்க விரும்பியது அந்தக் கால்களைத்தான். “ரெண்டு நாள் குடும்மா” என்றார் என் கணவர்.

மறுநாள் பள்ளியில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரே கணக்கை இரண்டு மாணவிகள் சரியான வழியில் போட்டிருந்தார்கள். ஒருத்தி தசமத்தின் கடைசி இலக்கங்களை நடுவிலேயே வெட்டி முழுதாக்கியிருந்தாள், மற்றவள் கடைசியில். விடை வேறாக வந்திருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன். கூட்டலும் கழித்தலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒட்டும்போது, தசமத்தின் கடைசி இலக்கம்தான் முடிவு செய்கிறது. அந்த இலக்கத்தில், சுருக்கிய பழைய மெஷினும் திறக்கிற புது மெஷினும் ஒத்துப்போகவில்லை. ஒரு குறி மாறினால் அந்தக் கட்டம் கெடும். கெட்ட கட்டத்தைப் பார்த்து ஊகிக்கிற அடுத்ததும் கெடும்.

அன்று சாயங்காலமே இருவரும் திருச்சுழி பஸ்ஸைப் பிடித்தோம். டைப்ரைட்டிங் அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, “ஒங்க புரோகிராமை நான் தொடவே இல்ல. மெஷினைக் கொண்டு போங்க, திங்கக்கிழமை கிளாசுக்கு வந்துரணும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணும் அவள் புருஷனும் பெரியவரை ஆட்டோவில் கூட்டிவந்தார்கள். பழைய மெஷினில் படம் ஒரு கறுப்புக்கூட இல்லாமல் திறந்தது. ஆனால் மெஷின் மெதுவானது. ஒவ்வொரு படமாக யோசித்து யோசித்துத்தான் காட்டியது. திரையில் பெரியவர் ஒரு காலைத் தூக்கினார். நின்றார். ஊன்றினார். நின்றார்.

“இம்புட்டு மெதுவாவா நடந்தேன்?” என்று கேட்டார் பெரியவர்.

“மெஷினு மெதுவுய்யா. நீங்க வெரசாத்தான் வந்தீக. கேசட்டுல ஏத்தும்போது சரிபண்ணித் தாரேன்” என்றார் என் கணவர்.

“வேண்டாம். இப்படியே இருக்கட்டும்.”

திரையை விட்டு அவர் கண் எடுக்கவில்லை. படம் பலிபீடத்தின் பக்கம் வந்ததும், “வலது காலைக் கொஞ்சம் சாச்சுத்தான் வச்சிருக்கேன்” என்று மகளிடம் சொன்னார். “ஒங்கம்மா சொல்லுவா. நான் நம்பினதில்ல.” மகள் சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் கேட்டபடி மெதுவாக ஒன்றும், சரியான வேகத்தில் ஒன்றுமாக இரண்டு கேசட் போட்டுக் கொடுத்தோம். மெஷின் திங்கட்கிழமை காலை திருச்சுழி போய்விட்டது. கோடை விடுமுறையில் அதை மறுபடி இரவல் வாங்கி, மற்ற கல்யாணங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து எடுத்தேன். ஊகிக்கும் கணக்கைத் தசமமே இல்லாமல் முழு எண்களில் எழுதி, எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினேன். விடுமுறை அதிலேயே போனது. அதற்குப் பிறகு எந்த மெஷினில் திறந்தாலும் ஒரே குறிதான் வந்தது.