குப்பை இல்லாத கம்பெனி

தொண்ணூறுகளின் நடுவில், திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் இங்கிலீஷ் கடிதம் எழுதுவது என் வேலை. ஜெர்மனிக்காரர்கள் ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். நேரில் வந்து பார்த்துத் திருப்தியானால்தான் ஆர்டர். அதில் ஒரு கேள்வி: கழிவுகளை என்ன செய்கிறீர்கள்?

நாலு புத்தகம் படித்தவன் என்று முதலாளி என்னிடம் யோசனை கேட்டார். "மூணு கலர்ல குப்பைத்தொட்டி வேணுங்க" என்றேன், ஜெர்மனியில் பிறந்தவன் மாதிரி. வாங்கினோம். அப்புறம்தான் தெரிந்தது, அவற்றில் போடக் குப்பை இல்லை. வெட்டி மிஞ்சிய துண்டுத் துணியை அன்றன்றைக்கே ஒரு வேஸ்ட் வியாபாரி அள்ளிக்கொண்டு போய்விடுவார். அட்டைப்பெட்டிகூடத் தங்காது.

"காலித் தொட்டியைக் காட்டினா ஏமாத்தறோம்னு நினைப்பாங்க" என்றேன். அந்த வியாபாரியிடமே இரண்டு மூட்டை இரவல் வாங்கி நிரப்பினோம்.

வந்தவர் ஒரு அம்மாள். நீலத் தொட்டியிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து, இதை என்ன செய்வீர்கள் என்றார். நகராட்சி வண்டி கொண்டுபோய்விடும் என்றேன், பெருமையாக. அவர் முகம் சுருங்கியது. ஏதோ எழுதினார்.

"என்னங்க எழுதுது அந்த அம்மணி?" முதலாளி என் காதைக் கடித்தார்.

அதற்குள் வாசலில் வேஸ்ட் வியாபாரி. "ஏனுங்க, பாத்து முடிச்சாச்சுங்களா? மூட்டைய எடுத்துக்கட்டுங்களா? வண்டி நிக்குதுங்க."

இவர் யார் என்றார் அம்மாள். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு வியாபாரியின் பின்னாலேயே கிளம்பினார். நாலு வருஷம் வேலை பார்த்தும் வியாபாரியின் குடோனை நானும் அன்றுதான் பார்த்தேன். வெள்ளைத் துண்டுகள் கோவைப் பட்டறைகளில் மெஷின் துடைக்க. கலர்த் துண்டுகள் பிய்ந்து பஞ்சாகி, மறுபடி நூலாகித் தரைவிரிப்புக்கு. பொடிசெல்லாம் தலையணைக்குள்.

"அப்ப நான் தலை வெச்சுப் படுக்கறது?" என்றேன்.

"நம்ம கம்பெனி பனியனாத்தான் இருக்குமுங்க" என்றார் வியாபாரி. அம்மாள் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தார்.

ஆர்டர் வந்தது. மூன்று தொட்டிகளும் முதலாளியின் தோட்டத்துக்குப் போயின, மாட்டுக்குப் புண்ணாக்கு ஊறவைக்க.

அடுத்த ஆர்டருக்கான படிவத்தில் ஒரு புதுக் கேள்வி இருந்தது: சாயத் தண்ணீர் எங்கே போகிறது? படித்துச் சொன்னேன். முதலாளி ஜன்னல் வழியே வாய்க்காலைப் பார்த்தார். அன்றைக்கு அது ஊதா நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"அதுக்கும் ஒரு வியாபாரி இருந்தாத் தேவலைங்க" என்றார். இந்த முறை என்னிடம் யோசனை கேட்கவில்லை.