அம்மா ஆற்றில் இறங்கிய ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு காலைகளில் எங்கள் அடுக்ககத்து நீச்சல் குளத்தின் ஓரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நீங்கள் என்னைப் பார்க்கலாம். மகள் தண்ணீரில் இருப்பாள். நான் அவளுடைய துண்டையும் செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு கரையில் இருப்பேன். பக்கெட் தண்ணீரில் முகத்தை முக்கவே பயப்படுகிறவள் நான். போன வாரம் கோச் பையன் வந்து, "மேடம், இவளுக்குத் தண்ணி பயமே இல்ல. ஃபேமிலில யாராச்சும் ஸ்விம்மரா?" என்று கேட்டான்.

"எங்கம்மா" என்றேன்.

"ஸ்டேட் லெவலா மேடம்?"

என்னவென்று சொல்வது? எங்கள் அம்மா நீந்தி நாங்கள் பார்த்தது வாழ்நாளில் ஒரே ஒரு நாள். சிரித்துச் சமாளித்துவிட்டேன்.

ஆனால் அந்தக் குளத்திலிருந்து எழும் மருந்து வாசனை இருக்கிறதே, அது என்னைச் சும்மா விடாது. பெங்களூர் ஜோகுபாளையத்தில் நாங்கள் இருந்த ஒற்றை அறை வீட்டின் நீல டிரம்மில் இதே வாசனைதான். ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் வரும் தண்ணீர், பிளீச்சிங் பவுடர் நெடியோடு. அதற்கு அம்மாதான் காவல். நான் தலைக்குக் குளிக்கப் போனால் கதவைத் தட்டுவாள். "ஏன்டி, ஊருத் தண்ணிய பூரா நீயே ஊத்திக்கப் போறியா?" தண்ணீரென்றால் குடத்தில் தூக்குவது, டிரம்மில் மூடி வைப்பது, சொம்பில் அளந்து தருவது. அம்மாவுக்கும் தண்ணீருக்கும் இடையில் வேறு உறவு இருந்திருக்கும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் இருந்தவர். சுரங்கம் மூடியதும் குடும்பத்தோடு பெங்களூர் வந்து, ஒரு ஏடிஎம் வாசலில் செக்யூரிட்டியாக உட்கார்ந்தார். நெஞ்சுக்குள் எப்போதும் ஒரு விசில் சத்தம் இருக்கும். அக்கா தேன்மொழிக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் வீட்டுக்காரர் கௌதமன் மாமா பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவர் வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா எழுந்து நின்றுவிடுவாள். நேருக்கு நேர் பேச மாட்டாள். "மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு இட்லி வையி" என்று என்னிடம்தான் சொல்வாள், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும்.

அந்த மாமாதான் வாடகைக்கு ஒரு கார் எடுத்து எல்லோரையும் கடலுக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னார். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கடலைப் பார்த்ததில்லை. நானும் மாத்திரை கம்பெனி பேக்கிங்கில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். சனிக்கிழமை ஒரு நாள் லீவுக்குப் பல் வலி என்று சொன்னது இப்போது நினைத்தாலும் சிரிப்புதான், ஏனென்றால் திரும்பி வந்த வாரம் நிஜமாகவே பல் வலித்தது.

சக்லேஷ்புரம் தாண்டியதும் மலை இறக்கம். காது அடைத்தது. ஜன்னலுக்கு வெளியே காப்பிப் பூ வாசனை. உள்ளே அம்மா மூன்றாவது வளைவில் காரின் மிதியடி மீதெல்லாம் வாந்தி எடுத்துவிட்டாள். மாமாவின் முகம் கல்லாகிவிட்டது. அடிவாரம் வரும்வரை ஜன்னல்களை இறக்கிவிட்டே ஓட்டினார்.

நாங்கள் தங்கிய வீடு உடுப்பிக்கு வடக்கே, ஓர் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருந்தது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஆறு, இரண்டுக்கும் நடுவே நாக்கு மாதிரி நீண்ட மணல் திட்டு. திட்டின் முனையில் ஆறும் கடலும் கலந்தன. சாயங்காலம் தென்னைகளைத் தாண்டி வெளியே வந்தோம். எனக்குக் கால் நகரவில்லை. எங்கள் கண் அதுவரை ஒரு சுவரிலோ மரத்திலோ மோதாமல் அவ்வளவு தூரம் போனதே இல்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவ்ளோ வேல செய்யுதே, இதுக்கு ஷிஃப்ட் முடியாதா?" என்றார். அம்மா கடலைப் பார்த்துவிட்டு ஆற்றுப் பக்கம் திரும்பினாள். அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் தலை சுற்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்து அறையில் மாமா அக்காவிடம் சொன்னது ஓட்டு வீட்டில் எங்களுக்கும் கேட்டது. "உங்கம்மாவ கூட்டினு வந்ததே தப்பு. காரெல்லாம் நாறுது." அக்கா அழுதாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா என் காதருகே, "காலைல பஸ் இருக்குதான்னு கேளு. நானும் உங்கப்பாவும் போயிடறோம்" என்றாள்.

விடிந்ததும் அவளைக் காணோம். தேடிப் போனால், காரின் மிதியடிகளை ஆற்றோரத்தில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கரையில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் மாமாவும் அக்காவும் வந்தார்கள். மாமா அதைப் பார்த்தார். ராத்திரி பேசியது அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். அம்மா முகத்தைப் பார்க்காமல் சட்டையைக் கழற்றிவிட்டு ஆற்றில் இறங்கினார். கடலில் அலை அடிக்கிறது, ஆறு அமைதியாகத்தானே இருக்கிறது என்று நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

தூரத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி கையை ஆட்டிக் கத்தினாள். "ஆ கடெ ஹோக்பேடி! நீரு எளீத்தெ!" அந்தப் பக்கம் போகாதீர்கள், தண்ணீர் இழுக்கும் என்று. அவள் சொல்லி முடிப்பதற்குள் மாமாவின் மார்பளவில் இருந்த தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது. கடல் உள்வாங்கும் நேரம் அது. ஆறு முழுவதும் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது, மேலே ஒரு சுழிப்பும் காட்டாமல். மாமாவின் தலை தெரிந்தது, மறைந்தது, பத்தடி தள்ளி மறுபடி தெரிந்தது. அக்கா போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அம்மா கையிலிருந்த மிதியடியை விட்டாள். புடவையை வாரி இடுப்பில் செருகினாள். அடுத்த கணம் தண்ணீரில் இருந்தாள்.

"பாக்கியம்!" என்று அப்பா கத்தினார். அவர் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "பாக்கியம்! அய்யோ, பாக்கியம்!" ஓட முயன்றார், மூச்சு இடம் கொடுக்கவில்லை, மணலில் உட்கார்ந்துவிட்டார். நானும் அக்காவும் திட்டின் மேலேயே ஓடினோம். ஓடிக்கொண்டேதான் பார்த்தேன். அம்மா மூழ்கவில்லை. தலை நிமிர்ந்திருந்தது. கைகள் தண்ணீரை அடிக்கவில்லை, விலக்கின. ஆற்றை எதிர்க்காமல், அதோடு போய்க்கொண்டே, சாய்வாக மாமாவை நெருங்கினாள். என் பயம் அந்த நொடியில் எங்கே போனதென்று தெரியவில்லை. எங்கள் அம்மாதானா அது? முழங்கால் வலி என்று மாடிப்படி ஏறாதவளா?

மாமா அவள் கழுத்தைக் கட்டிக்கொள்ளப் பார்த்தார். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். வெளியே வந்தபோது அம்மா அவருக்குப் பின்னால் இருந்தாள். தலைமயிரைக் கொத்தாகப் பிடித்திருந்தாள்.

"டேய்! கைய விடுடா! மல்லாக்கப் படு! படுடா நாயே!"

மாமா படுத்தார். அம்மா அவரை இழுத்துக்கொண்டே பக்கவாட்டில் உதைத்து உதைத்து நகர்ந்தாள். ஆறு முடிந்து கடல் தொடங்கும் அந்த மணல் முனையில், இன்னும் கொஞ்சம் போயிருந்தால் இரண்டு பேருமே இல்லை என்கிற இடத்தில், அவள் கால் தரையில் பட்டது. எழுந்து நின்றாள். தண்ணீர் வழிய வழிய, மாமாவின் அக்குளைப் பிடித்து நடத்திக் கரையேற்றினாள். பின்னால் கடல் வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. அதைவிட உயரமாக எனக்கு அம்மா தெரிந்தாள்.

மாமா குப்புறப் படுத்து உப்புத் தண்ணீரைக் கக்கினார். பிறகு அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "அத்த, அத்த" என்று குழந்தை மாதிரி அழுதார். அம்மா காலை இழுத்துக்கொண்டு, ஈரப் புடவையால் தோளை மூடிக்கொண்டு, என் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தாள். "ஐயையோ, மாப்பிள்ளைய டேய்னு கூப்டுட்டேன்டி."

"நாயேன்னு வேற சொன்ன" என்றேன். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

அப்பா மெல்ல நடந்து வந்து சேர்ந்தார். "உனக்கு நீச்சல் தெரியும்னு ஏன் சொல்லவே இல்ல?"

"எங்க கேட்டீங்க? குடியாத்தம் பக்கத்துப் பொண்ணு நான். எங்கூரு கெணத்துல எந்தக் குடம் விழுந்தாலும் என்னத்தான் எறக்குவாங்க. உங்க கோலாருக்கு வந்தேன், அங்க ஏது தண்ணி? ஜோகுபாளையத்துல டிரம்முலயா நீந்தறது?"

இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தவளை அப்பா புதிதாகப் பார்த்தார்.

மத்தியானம் நாங்கள் கிளம்பவிருந்தபோது அம்மா வலைக்கார அம்மாளிடம் போய்க் கன்னடத்தில் ஏதோ விசாரித்தாள். நீரோட்டம் நின்றிருக்கும் நேரம் அது, பயமில்லை என்றாளாம். அம்மா அப்பாவிடம் வந்து, "ஒரு வாட்டி எறங்கிட்டு வரட்டா?" என்று கேட்டாள். அவள் தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பா தலையாட்டினார்.

ஆறு கண்ணாடியாகக் கிடந்தது. நடுவரை போய் அம்மா மல்லாந்து படுத்தாள். கை கால் அசையவில்லை. புடவை முந்தானை பக்கத்தில் மிதந்தது. கண்களை மூடியிருந்தாள். ஒரு பருந்து அவளுக்கு மேலே வட்டமிட்டது. நாங்கள் நான்கு பேரும் கோயிலில் நிற்பதுபோல நின்றோம். கரையேறியதும், "உப்புத் தண்ணி நல்லா தூக்குதுடி" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பும் வழியில் மலை ஏற்றத்தில் அவளுக்கு மறுபடி குமட்டியது. மாமாதான் காரை நிறுத்தி, அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு அம்மா நீந்தவேயில்லை. போகலாம் போகலாம் என்போம். அப்பாவின் இருமல், அக்காவின் பிரசவம், என் கல்யாணம் என்று ஆண்டுகள் ஓடின. அப்பா போனார். மூன்று வருஷத்துக்கு முன் அம்மாவும் போனாள்.

போன டிசம்பரில் மாமா எங்கள் எல்லோரையும் மீண்டும் அங்கே கூட்டிப் போனார். தென்னைகள் வரை வந்துவிட்டு வழி தவறிவிட்டோமோ என்று நின்றோம். தங்கிய வீடு இல்லை. கரை நெடுக லாரி லாரியாகக் கருங்கல் கொட்டியிருந்தார்கள். மணல் திட்டைக் காணோம். ஒரு மீன்காரரிடம் கேட்டபோது, "ஸமுத்ர தகொண்டு ஹோய்த்து" என்றார். கடல் எடுத்துக்கொண்டு போய்விட்டதாம், இரண்டு மழைக்காலத்தில்.

மாமா கல் மேல் ஏறி நின்று, கையை நீட்டி, அந்த முனை எங்கே இருந்தது என்று என் மகளுக்குக் காட்டினார். அம்மா கால் ஊன்றி எழுந்து நின்ற இடத்தில் ஒரு பெரிய விசைப்படகு போய்க்கொண்டிருந்தது. அங்கே இப்போது நல்ல ஆழம் என்றார்கள்.