உப்பு யார் போடுவது

போன மழையில் குசினியின் பின்சுவர் பிளந்தது. மலையில் ஊறிய தண்ணீர் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. ஒரு காலையில் பார்த்தால் விரல் நுழையும் வெடிப்பு. அதன் வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. என் அடுப்புப் புகை வெளியே போய்க்கொண்டிருந்தது. எது பனி, எது புகை என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு தேத்தண்ணீர் வைத்தேன்.

எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டைக்கு மேலே, சரிவில். வீடு ஒன்று, அடுப்பு இரண்டு. மாமியார் செத்த பிறகு வீட்டுக்காரரின் மாமா ஒருவர் வந்து குசினிக்கு நடுவில் பலகை அடித்துவிட்டுப் போனார். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை வரக் கூடாது என்றுதான். பலகைக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் என் ஓரகத்தி, வீட்டுக்காரரின் தம்பி மனைவி. அவளுக்குத் தனி உலை, எனக்குத் தனி உலை. தீபாவளி பொங்கலுக்கு ஒரு கிண்ணம் கறி இங்கிருந்து அங்கே போகும், அங்கிருந்து இங்கே வரும். மற்றபடி அவரவர் சோறு அவரவருக்கு.

பிறகு கொழுந்தனும் செத்துப்போனார். அவர்களுடைய ஒரே மகளை வத்தளையில் கட்டிக் கொடுத்திருக்கிறது. பலகைக்கு அந்தப் பக்கம் என் ஓரகத்தி மட்டும். ஆனாலும் வெயில் ஏறும் நேரத்துக்கு அங்கே சட்டி வைக்கும் சத்தம் கேட்கும். மூடி போடும் சத்தம், அகப்பை தட்டும் சத்தம். சமைக்கிறாள் என்று நான் என் வேலையைப் பார்ப்பேன்.

சுவர் கட்டக் கலகெதரவிலிருந்து ஒரு பாஸ் வந்தார். இங்கே கொத்தனாரை பாஸ் என்றுதான் சொல்வோம். முஸ்லிம் மனிதர். வாயும் ஓயாது, கையும் ஓயாது. சுவரை மட்டும் கட்டினால் நிற்காது, கூரையைக் கழற்றி, தரையைத் தோண்டி, குசினி முழுவதையும் புதிதாகச் செய்ய வேண்டும் என்றார். வீட்டுக்காரர் தலையாட்டினார். அவர் டவுனில் துணிக்கடையில் நிற்கிறவர். பகலெல்லாம் அங்கே பேசிவிட்டு வருவதால் வீட்டில் பேச மாட்டார்.

முதலில் பலகையைத்தான் கழற்றினார்கள். அந்தப் பக்கத்தை நான் அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். அடுப்பில் சாம்பல் இல்லை. விறகு அடுக்கியபடி இருந்தது. அந்த விறகில் காளான் பூத்திருந்தது. வெள்ளையாக, சின்னச் சின்னக் குடைகளாக. பார்க்க அழகுதான். சட்டிகள் கழுவிக் கவிழ்த்தபடி பளபளவென்று கிடந்தன. ஓரத்தில் தண்ணீர் சுட வைக்கும் கரண்டுக் கேத்தல் ஒன்று, ஒரு பிஸ்கட் டின்.

"நீ சமைக்கிறது இல்லையா?" என்று கேட்டேன்.

அவள் குனிந்து காளானைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஒரு ஆளுக்கு என்னத்தக்கா ஒல வைக்கிறது. ரெண்டு துண்டு பாணும் தேத்தண்ணியும் போதும்."

"சத்தம் கேக்குமே."

"சத்தம் கேக்காட்டி நீங்க எட்டிப் பாப்பீங்க."

இரண்டு பேரும் சட்டிகளைத் தூக்கி முன்பக்கம் கொண்டுபோனோம்.

பாஸ் அன்றைக்கே ஒரு விஷயம் கேட்டார். புதுக் குசினியில் அடுப்பு வைக்கக் கொங்கிரீட்டில் தட்டு போட வேண்டும். அடுப்பு ஒன்றா, இரண்டா? இரண்டு என்றால் நடுவில் சுவர் வரும்.

"தட்டு போட முந்தி செல்லணும் அக்கா. பொறகு ஒடைக்க ஏலா."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டேன்.

சுலபமாகச் சொல்லிவிடலாம் போல இருக்கும். சொல்ல முடியாது. குசினியில் பாதி அவள் பங்கு. ஒன்று போதும் என்று நான் சொன்னால், புருஷன் இல்லாதவளின் பங்கைச் சுருட்டிக்கொண்டேன் என்று ஆகும். அவள் சொன்னால், சோற்றுக்கு வந்து நின்றாள் என்று ஆகும். ஒருவரும் சொல்லாவிட்டால் பாஸ் இரண்டு அடுப்பு கட்டி நடுவில் சுவர் எழுப்பிவிடுவார். இந்தத் தடவை பலகை இல்லை, கல். அதற்குப் பின்னால் அவள் மறுபடி வெறும் சட்டியை மூடிக்கொண்டிருப்பாள்.

அதுவரைக்கும் சமையல் ஹோலில். சோபா செட்டிக்குப் பக்கத்தில் நீள மர வாங்கு, வாங்கின் மேல் ஒற்றை கேஸ் அடுப்பு. ரைஸ் குக்கர் அலுமாரி ஓரம். கதிரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக் காய் வெட்டுவோம். சட்டி கழுவுவது குளிக்கிற இடத்துக் குழாயில். அம்மி முற்றத்தில் மழையில் நனைந்துகொண்டிருந்தது. அடுப்பு ஒன்றுதான் இருந்ததால் சோறும் ஒன்றாகத்தான் வெந்தது. அதற்கு யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

பின்பக்கம் சுவர் இருந்த இடத்தில் பாஸ் பொலித்தீன் கட்டியிருந்தார். காற்று வந்தால் அது உப்பும், பிறகு அமுங்கும். வீடு மூச்சு விடுவது போல இருக்கும். வெளிச்சம் அதில் பட்டுப் பால் நிறமாக ஹோலுக்குள் வரும். காலையில் பனி அடியால் நுழைந்து தரையோடு தரையாக நடந்து வந்து, கேஸ் அடுப்புக்குக் கிட்ட வந்ததும் இல்லாமல் போகும். நான் கையில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பேன்.

தகரத்தில் விழும் மழையும் எண்ணெயில் விழும் கடுகும் ஒரே சத்தம். மத்தியானம் கதிரையில் கண் அசந்தால் எது எது என்று தெரியாது. தாளிக்கிறாள் என்று நினைத்து எழுந்தால் மழையாக இருக்கும். மழை என்று நினைத்துப் படுத்தால் கறிவேப்பிலை வாசம் வரும்.

ஹோலில்தான் கொழுந்தன் படம் மாட்டியிருக்கிறது. சோறு கொதிக்கும்போது ஆவி போய்க் கண்ணாடியில் படியும். முகம் மறைந்துவிடும். உலை அடங்கியதும் மீசை தெரியும், பிறகு கண். முதலில் அவள் முந்தானையால் துடைத்தாள். பிறகு விட்டுவிட்டாள். தானாகத் திரும்பி வரட்டும் என்று காய் வெட்டிக்கொண்டிருப்பாள்.

சேலை, சட்டை, தலையணை எல்லாவற்றிலும் கறி வாசம். கடையில் ஒரு பெண் சேலையை மூக்கருகே கொண்டுபோய், இதில் பருப்பு வாசம் வருகிறதே என்று கேட்டாளாம். வாசம் சேலையிலிருந்து இல்லை, விரித்துக் காட்டியவர் மேலிருந்து. வீட்டுக்காரர் இதை வந்து சொன்னார். அவராக வாய் திறந்து சொன்ன கதை, எத்தனையோ காலத்துக்குப் பிறகு.

ஆனால் கறியில் உப்பு இல்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. காயை யாரும் வெட்டலாம். தேங்காயை யாரும் துருவலாம். உப்பு மட்டும் சட்டிக்கு உடையவள்தான் போட வேண்டும். கல்யாண வீட்டில் பத்துப் பெண்கள் நின்று சமைத்தாலும், உப்புக்கு வீட்டுக்காரியைத்தான் கூப்பிடுவார்கள். ஹோலில் எரிகிற அடுப்பு என்னுடையது. சட்டியும் காயும் அவளுடையது. பக்கத்துத் தோட்டத்தில் போஞ்சியும் கோவாவும் அவள்தான் வாங்கி வந்தாள். அவள் போடுவாள் என்று நான் விட்டேன். நான் போடுவேன் என்று அவள் விட்டாள்.

வீட்டுக்காரர் முதல் நாள் ஊறுகாயை எடுத்துக்கொண்டார். மறுநாளும் ஊறுகாய். அதற்கடுத்த நாள் ஊறுகாய் போத்தல் காலியாகிவிட்டது. அவர் கையை எடுத்துச் சோற்றுக் கோப்பை ஓரத்தில் வைத்தார்.

"வீட்டுல ரெண்டு பொம்பள சமைக்கிறீங்க. உப்புக்கு நான் கடைக்குப் போகணுமா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"அடுப்பு அக்காவோடது. நான் எப்படிப் போடுறது" என்றாள்.

"சட்டி உன்னோடதுதானே" என்றேன்.

அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, உப்பு டின்னைத் தானே எடுத்து வந்தார். அதிலிருந்து கொஞ்சம் ஒரு பீங்கானில் கொட்டி நடுவில் வைத்தார். அன்றிலிருந்து அப்படியே நடந்தது. கறி வெறுமையாகத்தான் இறங்கும். அவரவர் கோப்பையில் அவரவர் உப்பு.

பின்னேரம் வத்தளையிலிருந்து அவள் மகள் போன் எடுக்கும். முன்பெல்லாம் பலகைக்குப் பின்னால் "சாப்பிட்டேன்" என்று மட்டும் கேட்கும். இப்போது ஹோலில் நின்று என்ன கறி என்றும் சொன்னாள். போஞ்சி, பருப்பு, கருவாட்டுச் சம்பல். மகள் இன்னும் ஏதோ கேட்டிருக்க வேண்டும். பெரியம்மாவோடுதான் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு முற்றத்துப் பக்கம் போய்விட்டாள். அங்கிருந்து பேசியது கேட்கவில்லை. பொலித்தீனில் அவள் நிழல் மட்டும் தெரிந்தது. காற்றோடு அதுவும் பெரிதாகி, சின்னதாகிக்கொண்டிருந்தது.

பின்சுவர் எழுந்தது. கூரைத் தகரம் ஏறியது. தட்டுக்குப் பலகை அடித்துக் கம்பி கட்டியாயிற்று. பாஸ் மறுபடி வந்து கேட்டார். நான் அவளைக் கேட்கச் சொன்னேன். அவள் அக்காவைக் கேட்கச் சொன்னாள். அவர் ஹோலுக்கும் பின்பக்கத்துக்கும் நடந்து களைத்துப்போனார்.

"பேசாமே நீங்க ரெண்டு பேரும் சேந்து சீமெந்து கொழைங்க. நான் சமைக்கிறேன். எனக்கு உப்பு போடத் தெரியும்."

உப்புக் கதை அவர் வரைக்கும் போயிருந்தது. அவள்தான் தேத்தண்ணீர் கொடுக்கும்போது சொல்லியிருப்பாள். நாளை பின்னேரம் கொங்கிரீட், அதற்குள் சொல்லாவிட்டால் இரண்டுதான் என்று முடிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் விடிந்தபோது எனக்குக் காய்ச்சல். ஹோலிலேயே பாயைப் போட்டுப் படுத்துவிட்டேன். வீட்டுக்காரர் கடைக்குப் போய்விட்டார். மலை இறங்கி வந்துவிட்டது போல வெளியே ஒரே பனி. பின்பக்கம் மண்வெட்டிச் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்டது.

அவள் என் தலைமாட்டில் சமைத்தாள். கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தேன். கத்தி பலகையில் படும் சத்தம். தேங்காய்ப் பால் பிழியும் சத்தம். சட்டி வைத்தாள். மூடி போட்டாள். அகப்பையைத் தட்டினாள். எத்தனையோ வருஷமாகப் பலகைக்கு அப்பால் கேட்ட அதே சத்தம்தான். இப்போது அதோடு வாசமும் வந்தது. நான் தூங்கினேனா இல்லையா தெரியாது. பலகை திரும்ப வந்துவிட்டது போலவும், அதில் காளான் பூத்திருப்பது போலவும், நான் கிள்ளக் கிள்ள அது வருவது போலவும் இருந்தது. கொழுந்தன் கதிரையில் உட்கார்ந்து கோப்பையை நீட்டினார். பிறகு கதிரையில் அவள் சேலை மட்டும் கிடந்தது.

கொதி அடங்கியது. அவள் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வெகு நேரம். நான் கண்ணைத் திறக்கவில்லை.

என் உப்பு டின்னின் மூடி திறந்தது. அது பழைய பால்மா டின். திறக்கும்போது கிணுங் என்று ஒரு சத்தம் வரும். கறியில் உப்பு விழுந்த சத்தம் கேட்டதா என்று கேட்டால், அது கேட்காது. ஆனால் எனக்குக் கேட்டது.

எழுப்பிக் கஞ்சியும் பருப்பும் கொடுத்தாள். காய்ச்சல் வாய்க்குக்கூட உப்பு தெரிந்தது. அவள் உப்புப் பீங்கானை எடுத்து வரவில்லை.

பின்னேரம் பாஸ் வாசலில் வந்து நின்றார். முழங்கால் வரை சீமெந்து.

"கொழச்சாச்சி. ஒண்டா ரெண்டா?"

நான் பாயிலிருந்து எழும்பப் பார்த்தேன். அதற்குள் அவள் சொன்னாள்.

"ஒண்ணு போதும் பாஸ். சட்டி பெருசு, எடம் தாராளமா விடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்ற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

குசினி முடிந்து காய்ந்தது. பால் பொங்க வைப்பதற்கு முன்னால் உப்பும் மஞ்சளும் உள்ளே போக வேண்டும். நான் என் டின்னோடு நின்றேன். அவள் அவளுடைய உப்புச் சாடியைத் தூக்கி வந்தாள். உப்பைக் கையோடு கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். அவள் நிலைப்படியில் கீழே வைத்தாள். நான் குனிந்து எடுத்து, அதில் இருந்ததை என் டின்னில் கொட்டி, உள்ளே கொண்டுபோய் வைத்தேன். காலிச் சாடியை அவள் கழுவி முற்றத்தில் கவிழ்த்தாள்.

அன்று மத்தியானம் பருப்பும் கிழங்கும். நான் அரிசி கழுவப் போன நேரத்தில் அவள் உப்பு போட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது. திரும்பி வந்து நானும் போட்டேன்.

வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்தார். மென்றார். செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

"அன்னைக்குப் போடாததெல்லாம் இன்னைக்குச் சேத்துப் போட்டாச்சா?"

நானும் அவளும் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உப்புக்கு ஈடாகச் சோற்றை அள்ளி அவர் கோப்பையில் போட்டேன். பிறகு அவள் கோப்பையிலும் ஒரு அகப்பை போட்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. புது யன்னலால் பனி எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.